காலுக்கு வெளியே ஒரு தசைநார்

கனடாவின் ஒஷாவாவிலிருந்து வடகிழக்கே அரை மணி நேரம் ஓடினால் பிரிமகோம் வந்துவிடும். ஒஷாவா ஸ்கீ கிளப்பின் மலை. உயரம் சுமார் 300 அடிதான். போன குளிர்காலம் அங்கே காரின் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, என் மகள் வலது முழங்காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் அறுந்து, புதியது வைத்து ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் சறுக்கல்.

"இறுக்கமா இருக்கா, பிள்ளை?"

"காணும் அப்பா."

பட்டியை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கீல், நடுவில் என் பிள்ளையின் கால். இந்த பிரேஸ் எங்கே பிறந்தது என்று அன்றிரவே தேடினேன்.

பிறந்தது பனியில் அல்ல, புல்தரையில். 1964இல் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ நேமத்தின் வலது முழங்கால் பழுதானது. 1965 ஜனவரியில் நியூயார்க் லெனொக்ஸ் ஹில் மருத்துவமனையில் டாக்டர் ஜேம்ஸ் நிக்கோலஸ் சத்திரசிகிச்சை செய்தார். கிழிந்த சவ்வை அகற்ற முடிந்தது. ஆனால் தசைநார் ஆட்டம் கண்ட முழங்காலைப் பழையபடி ஆக்கும் வித்தை அந்தக் காலத்துக் கத்தியிடம் இல்லை. உள்ளே கட்ட முடியாததை வெளியே கட்டினார்கள். நிக்கோலஸும், செயற்கைத் தாங்கிகள் செய்யும் ஜாக் காஸ்டிக்லியாவும் சேர்ந்து நேமத்துக்காக ஒரு பிரேஸை உருவாக்கினார்கள்: காலை அச்செடுத்து, உலோகமும் பட்டிகளும் பொருத்தி, மடக்க விட்டு, திருகுவதை மட்டும் தடுக்கும் அமைப்பு. லெனொக்ஸ் ஹில் பிரேஸ் என்றே பேராயிற்று. காலை அசையாமல் பிடித்துவைக்கத்தான் பிரேஸ் என்றிருந்த காலத்தில், ஓடுவதற்காக ஒரு பிரேஸ்! எனக்கு இதுதான் இந்தக் கதையின் பெரிய துணிச்சல்.

1978இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட்டில் மார்க் நோர்ட்க்விஸ்ட் என்ற முன்னாள் கால்பந்து வீரரும் ஒரு சட்டத்தரணியும், தங்கள் மனைவிமார் டோனா, ஜோய் ஆகியோரின் பெயரை இணைத்து டொன்ஜோய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரேஸ் கடைக்கு வந்தது.

கத்தியும் சும்மா இருக்கவில்லை. ரொறன்ரோவின் டாக்டர் ரொபர்ட் ஜாக்சன் 1964இல் தோக்கியோ போய், மசாக்கி வத்தனாபேயிடம் மூட்டுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியைக் கற்று, ரொறன்ரோ பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அதே ரொறன்ரோவின் சறுக்கு வீரர் ஸ்டீவ் பொட்போர்ஸ்கி முழங்கால் காயத்தால் 1976 ஒலிம்பிக்கை இழந்தார். தேறிவந்து 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் வெண்கலம், 1982இல் இறக்கச் சறுக்கின் உலகக் கிண்ணம்.

கத்தி இவ்வளவு தேறியபின் பனியில் பிரேஸ் எதற்கு? காரணம் சப்பாத்து. 1960களில் கடினமான பிளாஸ்டிக் சப்பாத்து வந்ததும் கணுக்கால் முறிவு குறைந்தது. விசை மேலேறி முழங்காலில் நின்றது. பின்னால் சாய்ந்து விழுகிறவரின் சறுக்குப் பலகையின் வால் நெம்புகோலாகி முழங்காலைத் திருகுகிறது. வெர்மொன்ட் ஆய்வாளர்கள் அதற்கு இல்லாத பாதம் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அதுபோன்ற திருகலைத்தான் நிக்கோலஸ் பிடிக்கப் பார்த்தார்.

ஏசிஎல் மாற்றிய 820 ஸ்கீ ஊழியர்களைக் கொலராடோவின் ஸ்டெட்மன் குழு பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டது: பிரேஸ் போடாதவர்களுக்கு மறுகாயம் 2.74 மடங்கு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல. தொடைத் தசை தேறாத காலை எந்த பிரேஸும் காப்பாற்றாது என்றுதான் பிசியோதெரபிஸ்டும் சொன்னார். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த அன்று நான் கொஞ்சம் தூங்கினேன்.

மூன்றாவது முறை இறங்கி வந்தபோது பிரேஸ் ஒரு விரலளவு கீழே வழுக்கியிருந்தது. கீல் மூட்டுக்கு நேரே நிற்காவிட்டால் அது வெறும் பாரம். கையுறையைக் கழற்றி, முதலில் கெண்டைக்கால் பட்டியைக் கட்டினேன். பிறகு மற்றவை. அவள் மறுபடி லிஃப்டுக்குப் போனாள்.