ஏற்காடு வரைபடமும் கணினியின் நினைவகமும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலை அடிவாரத்தில் மலையேறத் தொடங்குகிறது. இந்திய நில அளவைத் துறையின் பழைய 1:50,000 வரைபடத்தில் இந்தச் சாலையை முழுதாகப் பார்க்க ஒரு தாள் போதாது. சேலமும் அடிவாரமும் 58 ஐ/2 என்ற தாளில் உள்ளன. ஏற்காடு ஊர் 58 ஐ/1 என்ற தாளில் உள்ளது. நடுவே 11 பாகை 45 நிமிட அட்சக்கோடு சேர்வராயன் மலையை வெட்டிச் செல்கிறது.

ஏன் இந்த வெட்டு? 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். நாட்டையே அளந்தாலும் அதை ஒரே காகிதத்தில் அச்சிட முடியாதே! எனவே 4 பாகைக் கட்டத்துக்கு ஓர் எண், அதை 16 ஆகப் பிரித்து ஓர் எழுத்து, அதையும் 16 ஆகப் பிரித்து மீண்டும் ஓர் எண் என்று முறை வகுத்தார்கள். வேண்டிய தாளை மட்டும் விரித்தால் போதும்.

இதே சிக்கல் கணினிக்கும் வந்தது. ஒரு தாளில் வரைபடப் பகுதி சுமார் 55 செ.மீ. சதுரம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 17 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் 50 கோடி பைட்டுக்கு மேல். 2000-களின் தொடக்கத்தில் பல வீட்டுக் கணினிகளின் நினைவகம் 256 மெகாபைட்தான்!

தீர்வும் பழையதுதான்: துண்டு போடுவது. 1992-ல் வந்த டிஃப் 6.0 கோப்பு முறை படத்தைச் சிறு கட்டங்களாகச் சேமிக்க வழி செய்தது. 256க்கு 256 புள்ளி கொண்ட கட்டம் 2 லட்சம் பைட்டுக்கும் குறைவு. 1024க்கு 768 அளவுள்ள திரையை நிரப்ப அதிகபட்சம் 20 கட்டங்கள், அதாவது 40 லட்சம் பைட்டுக்குள் வேலை முடிந்துவிடும். பேரேட்டில் வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டுவது போலத்தான்.

முழு மலையையும் ஒரே பார்வையில் காண வேண்டுமானால்? படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிய பிரதிகளையும் முன்கூட்டியே சேமித்து வைப்பார்கள். இதற்குப் பிரமிடு முறை என்று பெயர். எத்தனை பிரதி வைத்தாலும் கூடுதல் இடம் மூலப்படத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

ஆனால் ஓரங்களில் கவனம் தேவை. கறை நீக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகத் திருத்தினால் இணைப்பில் கோடு விழும். மலைப்பாதை அங்கே அறுந்தது போலத் தெரியும். அதனால் பக்கத்துக் கட்டத்திலிருந்து சில வரிசைகளையும் சேர்த்துப் படிக்கிறார்கள். அளவைத் தாள்களும் ஓரத்தில் அண்டைத் தாள்களின் எண்களைக் காட்டின.

பழைய வரைபடத்தில் உள்ள ஓடையும் ஒற்றையடிப் பாதையும் இன்றும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க விலையுயர்ந்த கணினி தேவையில்லை. சரியாகத் துண்டு போட்டால் சாதாரணக் கல்லூரிக் கணினியே போதும்.