வீட்டு ஃபைல் சர்வரில் கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் அப்டேட்: எப்போது செய்யலாம், எப்போது தொடவே கூடாது?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான்கைந்து ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி, வீட்டிலேயே ஒரு ஃபைல் சர்வர் வைத்துக்கொள்வது இப்போது அபூர்வமான விஷயம் இல்லை. கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, நிலப் பத்திரங்களின் ஸ்கேன், தாத்தா எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களின் நகல் என எல்லாம் அதில்தான் இருக்கும். திடீரென்று ஒருநாள் 'கன்ட்ரோலர் ஃபர்ம்வேரும் டிரைவரும் பொருந்தவில்லை' என்று திரையில் ஒரு எச்சரிக்கை வருகிறது. உடனே அப்டேட் பண்ணணுமா? பண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? பாதியில் கரண்ட் போனால் டேட்டாவும் போய்விடுமா?

சுருக்கமான பதில் இதுதான்: புது பதிப்பு வந்திருக்கிறது என்பது மட்டுமே அப்டேட் செய்யக் காரணம் ஆகாது. உங்கள் கார்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோளாறை அது சரிசெய்கிறது என்றால் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு முடிவுக்கும் முன்னால், டேட்டாவின் தனிப் பிரதி ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் என்றால் என்ன?

ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்து தகவலை வாங்கிக் கொடுக்கும் சிப்தான் கன்ட்ரோலர். சாதாரண மதர்போர்டில் நான்கு அல்லது ஆறு சாட்டா போர்ட்டுகள் இருக்கும். அதற்கு மேல் டிஸ்க் மாட்ட வேண்டுமென்றால் தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருக வேண்டும்.

வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களிடம் அதிகம் புழங்குவது எல்எஸ்ஐ நிறுவனத்தின் 9211-8ஐ, 9300-8ஐ போன்ற கார்டுகள். ஐபிஎம் எம்1015, டெல் பெர்க் எச்310 என்ற பெயர்களில் வந்தவையும் 9211-இல் உள்ள அதே சிப்பைக் கொண்டவைதான். எல்எஸ்ஐயை 2014-இல் அவாகோ வாங்கியது. அந்த அவாகோ 2016-இல் பிராட்காமை வாங்கி, அந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அதனால் பழைய எல்எஸ்ஐ கார்டுக்கான ஃபர்ம்வேரை இன்று பிராட்காம் தளத்தில்தான் தேட வேண்டும்.

இந்தக் கார்டுக்குள் ஒரு சிறிய பிராசஸரும் ஒரு ஃப்ளாஷ் நினைவகமும் இருக்கின்றன. பிராசஸர் எப்படி இயங்க வேண்டும் என்று அந்த நினைவகத்தில் எழுதப்பட்ட மென்பொருளே ஃபர்ம்வேர். விண்டோஸ் அப்டேட் தோல்வி அடைந்தால் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் அரைகுறையாக நின்றால் கார்டே விழிக்காமல் போகலாம். பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

அப்டேட் செய்யாமல் விட்டதால் என்ன ஆனது?

2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் ஒரு அவசர அறிவிப்பை வெளியிட்டது. அதன் சில சாஸ் வகை எஸ்எஸ்டிகள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் அப்படியே நின்றுவிடும் என்றது அந்த அறிவிப்பு. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். நின்ற பிறகு டிஸ்க்கையும் மீட்க முடியாது, டேட்டாவையும் மீட்க முடியாது. 16 பிட் இடத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு அடுத்த எண்ணில் டிஸ்க் சாகிறது என்றதுமே புரோகிராமர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். எச்பிடி8 என்ற புதிய ஃபர்ம்வேர் இதற்குத் தீர்வாக வந்தது.

2020 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. இந்த முறை வேறு சில மாடல்கள், 40,000 மணி நேரத்தில். அதாவது 4 ஆண்டு, 206 நாள், 16 மணி நேரம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரே நாளில் வாங்கி, ஒரே சர்வரில் மாட்டிய டிஸ்க்குகளின் மணிக்கணக்கு ஒன்றாகவே ஓடும். அப்படியானால் அவை ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகும். 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே' என்று ரெய்டை நம்பியிருந்தால், அந்த இன்னொன்றும் கூடவே போய்விடும். ரெய்டு ஒரு டிஸ்க் பழுதைத் தாங்கும், அவ்வளவுதான். அது பேக்கப் ஆகாது.

அப்டேட் செய்ததால் என்ன ஆனது?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 வரிசை ஹார்ட் டிஸ்க்குகள் சில, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது கண்ணில் படாமல் போயின. காரணம் ஃபர்ம்வேர் கோளாறு. 2009 ஜனவரியில் சீகேட் புதிய ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஆனால் அவசரத்தில் வந்த அந்தத் திருத்தமே 500 ஜிபி மாடல்கள் சிலவற்றை முடக்கிவிட்டது. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, சரிபார்த்து மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை 'எதற்கும் இருக்கட்டும்' என்று முதல் நாளே அப்டேட் செய்தவர்களுக்கு, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆனது.

இந்த இரண்டும் டிஸ்க்குகளின் ஃபர்ம்வேர் பற்றியவை. கன்ட்ரோலர் கார்டிலும் இதே நிலைதான். எல்எஸ்ஐ 9211 கார்டுக்கு வந்த பி20 வரிசையின் ஆரம்பப் பதிப்புகளில் செக்சம் பிழைகள் வருவதாகப் பயனர்கள் புகார் செய்தார்கள். பின்னால் வந்த 20.00.07.00 பதிப்பே நம்பகமானது என்று நிலைபெற்றது. 'பி20 போட்டுட்டேன்' என்று சொன்னால் போதாது, பி20-இல் எது என்பதும் முக்கியம்.

9300 வரிசையில், சாட்டா டிஸ்க்குகளோடு வேலை செய்யும்போது கன்ட்ரோலர் திடீரென ரீசெட் ஆகும் சிக்கல் இருந்தது. இதற்கு பிராட்காம் கொடுத்த 16.00.12.00 பதிப்பை, ட்ரூநாஸ் மென்பொருளைத் தயாரிக்கும் ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் தன் பயனர்களுக்குக் கிடைக்கச் செய்தது. இந்தக் கார்டில் பழைய பதிப்பு ஓடுகிறது என்றால் அப்டேட் செய்ய நியாயமான காரணம் இருக்கிறது.

உங்களுக்கு இது தேவையா?

முதலில், கோளாறு உண்மையிலேயே கன்ட்ரோலரில்தானா என்று பாருங்கள். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் 199-ஆம் எண் வரிசையில் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சில நூறு ரூபாய் கேபிளை மாற்றிப் பார்க்காமல் ஃபர்ம்வேரில் கை வைப்பது வீண் ஆபத்து.

அடுத்தது சூடு. இந்தக் கார்டுகள் பெரிய சர்வர்களின் பலத்த காற்றோட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. நம் ஊர் சித்திரை வெயிலில், மூடிய அலமாரிக்குள் இருக்கும் கேபினெட்டில் கொதிக்கும். சிறிய ஃபேன் ஒன்றை அதன் பக்கம் திருப்பினாலே பல 'மர்மக் கோளாறுகள்' நின்றுவிடும்.

சைனாலஜி, க்யூநாப் போன்ற ரெடிமேட் நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலரைத் தனியாகத் தொட வேண்டியதில்லை. நிறுவனம் அனுப்பும் சிஸ்டம் அப்டேட் போதும். மதர்போர்டின் சாட்டா போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் இந்த வேலை இல்லை.

டிரைவரும் ஃபர்ம்வேரும் பொருந்தாத எச்சரிக்கை என்றால்? ட்ரூநாஸின் பழைய வடிவமான ஃப்ரீநாஸ் இதைத் திரையிலேயே காட்டும். இதைப் பார்த்ததும் பதற வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் இடையே பல பதிப்புகள் இடைவெளி இருந்தால், ஒரு ஓய்வான நாளில் திட்டமிட்டுச் சரிசெய்வது நல்லது.

ஐடி மோடு, ரெய்டு மோடு: இங்கே கவனம்

ஒரே கார்டு இரண்டு வேஷம் போடும். ரெய்டு மோடில், டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து ஒரே டிஸ்க் போலக் காட்டும் வேலையைக் கார்டே செய்கிறது. ஐடி மோடில் கார்டு வெறும் தபால்காரர். டிஸ்க்குகளை அப்படியே கம்ப்யூட்டரிடம் காட்டிவிடும், கோக்கும் வேலையை இசட்எஃப்எஸ் போன்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஐடி மோடில் இருக்கும் கார்டு அப்டேட்டின்போது செத்துப்போனாலும் டிஸ்க்கில் உள்ள டேட்டா அங்கேயேதான் இருக்கும். வேறு கார்டு மாட்டினால் படித்துவிடலாம். ரெய்டு மோடில் டேட்டா இருக்கும்போதே கார்டை ஐடி மோடுக்கு மாற்றினால் கதை வேறு. டிஸ்க்குகள் எந்த வரிசையில், எப்படிக் கோக்கப்பட்டன என்று தெரிந்த ஆள் போய்விடுகிறார். டிஸ்க்குகள் தெரியும், கோப்புகள் தெரியாது. மோடு மாற்றுவதாக இருந்தால், டேட்டா முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு, காலி டிஸ்க்குகளோடு செய்ய வேண்டும்.

முதலில் படி எடுங்கள்: மேல்கோட்டை சொல்லும் பாடம்

மைசூருவிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள மேல்கோட்டையை ராமானுஜர் வாழ்ந்த தலமாக, வைரமுடி சேவை நடக்கும் செல்வநாராயணர் கோயிலின் ஊராகத் தமிழர்கள் அறிவார்கள். அங்கே தலைமுறைகளாக வாழும் மண்டயம் ஐயங்கார்களின் வீட்டு மொழி தமிழ்தான். ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனமும் அந்த ஊரில் இருக்கிறது.

சுவடியைப் பாதுகாத்தவர்கள் ஓலையை நம்பவில்லை. பூச்சி அரிக்கும், ஈரம் படும், ஓரம் உடையும் என்று தெரிந்தே, பழைய ஓலை சிதையும் முன் புது ஓலையில் படி எடுத்தார்கள். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பல நூல்கள் நம் கைக்கு வந்தது இப்படிப் படி எடுத்ததால்தான்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் விதி அதேதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. அப்டேட்டுக்கு முந்தைய நாள் எடுக்கும் பேக்கப், அதே கன்ட்ரோலரில் மாட்டிய இன்னொரு டிஸ்க்கில் இருந்தால் பயனில்லை. தனி யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், ஒப்பிட்டுப் பார்க்காத படி மாதிரிதான்.

அப்டேட் செய்வது எப்படி?

1. கார்டின் மாடல், சிப், இப்போதைய பதிப்பு, மோடு, சாஸ் அட்ரஸ் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாஸ் அட்ரஸ் பெரும்பாலும் கார்டிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம். ஃப்ளாஷை முழுதாக அழித்து எழுதினால் இந்த எண்ணைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2. ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கூடவே வரும் குறிப்பில் எந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று படியுங்கள். பழைய பதிப்பின் கோப்பையும் கையில் வைத்திருங்கள்.

3. சர்வரை முறைப்படி நிறுத்தி, டேட்டா டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். எது எங்கே இருந்தது என்று சீட்டு ஒட்டுங்கள். கார்டோடு இணைப்பே இல்லாத டிஸ்க்குக்கு ஃபர்ம்வேரால் எந்தக் கெடுதலும் வராது.

4. யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். அதன் பேட்டரி உண்மையிலேயே சில நிமிடமாவது தாங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள். மழை, இடி இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம்.

5. எல்எஸ்ஐ கார்டுகளுக்கு சாஸ்2ஃப்ளாஷ், சாஸ்3ஃப்ளாஷ் என்ற கருவிகள் உண்டு. பழைய டாஸ் முறை பல புதிய மதர்போர்டுகளில் ஓடாது. யூஇஎஃப்ஐ ஷெல்லில் ஓடும் வடிவத்தை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

6. எழுதும் வேலை சில நிமிடங்களில் முடியும். அதுவரை கீபோர்டைத் தொடாதீர்கள். முடிந்ததும் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, மறுபடி ஆன் செய்து, புதிய பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள்.

7. அதன் பிறகே டிஸ்க்குகளை மாட்டுங்கள். இசட்எஃப்எஸ் என்றால் ஒரு முழு ஸ்க்ரப் ஓட்டி, செக்சம் பிழை ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இது முடியும்வரை பேக்கப் டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள்.

பாதியில் நின்றால்?

கருவி பிழை காட்டினாலும் திரை உயிரோடு இருந்தால் உடனே அணைக்காதீர்கள். ஃப்ளாஷ் அழிக்கப்பட்டு, எழுதுவது மட்டும் தோற்றிருந்தால், ரீஸ்டார்ட் செய்யாமல் அங்கேயே மறுபடி எழுதினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கார்டு அடையாளமே தெரியவில்லை என்றால் வேறொரு மதர்போர்டில் செருகி முயன்று பார்க்கலாம்.

அதுவும் சரிப்படவில்லையா? மாற்றுக் கார்டுதான் வழி. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூருவில் எஸ்.பி. ரோடு. மேல்கோட்டை போன்ற சிறிய ஊரில் இருப்பவர்கள், வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஒரு உபரி கார்டை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாங்கும்போது எச்சரிக்கை தேவை. எல்எஸ்ஐ பெயரில் போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. பழைய சர்வரிலிருந்து கழற்றிய டெல், ஐபிஎம் கார்டுகள் அவற்றைவிட நம்பகமானவை.

எப்போது தொடவே கூடாது?

பேக்கப் இல்லாதபோது. ஏற்கெனவே ஒரு டிஸ்க் பழுதாகி, ரெய்டு தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது. எந்தக் கார்டு என்றே உறுதியாகத் தெரியாதபோது. எந்தக் கோளாறும் இல்லாமல், புதிய பதிப்பின் குறிப்பில் உங்களுக்குப் பொருந்தும் வரி ஒன்றுகூட இல்லாதபோது.

கார்டு போனால் காசு கொடுத்து வேறு வாங்கலாம். அதன் வழியாக எழுதிவைத்த தாத்தாவின் கையெழுத்து எந்தக் கடையிலும் கிடைக்காது. ஃபர்ம்வேர் கோப்பை இறக்குவதற்கு முன், பேக்கப் டிஸ்க்கைச் செருகுங்கள்.