ஒரே தழை: அங்கே தீவனம், இங்கே விஷம்

மாடு புல்லைச் செரிக்குதா? கறாரா சொன்னா, இல்லைங்க. புல்லில் உள்ள செல்லுலோஸை உடைக்கும் நொதி நமக்கும் சுரக்காது, மாட்டுக்கும் சுரக்காது. மாட்டின் இரைப்பையில் முதலாவதும் பெரியதுமான அறை ரூமென். நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு புளிக்கவைக்கும் தொட்டி என்று வெச்சுக்கோங்க. உள்ளே ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. கோடானுகோடி கிருமிகள் உண்டு. மாடு அவசரமா மேய்ஞ்சு, அப்புறம் நிதானமா அசைபோட்டு அரைச்சுக் கொடுக்கும். மீதியை அந்தக் கிருமிகள் பார்த்துக்கும். அவை வெளியே விடும் கொழுப்பு அமிலங்கள்தான் மாட்டுக்குச் சாப்பாடு.

கிருமிகளில் யார் இருக்காங்க, யார் இல்லைங்கிறது எவ்வளவு முக்கியம்னு காட்டிக்கொடுத்தது, நம்ம ஊர் வேலியோரம் நிற்கும் சவுண்டல் மரம். சூபாபுல் என்றும் சொல்வோம். பூர்வீகம் மெக்சிகோ பக்கம்.

தழையில் புரதம் நிறைய. அதனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சலுக்கு வளர்த்தார்கள். அதிகம் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, எடை ஏறவில்லை, தைராய்டு வீங்கியது.

காரணம், இலையில் உள்ள மிமோசின். ரூமெனில் அது டி.ஹெச்.பி. என்ற பொருளாக மாறி, தைராய்டு ஹார்மோன் உருவாகாமல் தடுக்கிறது. தைராய்டு அதிகமா சுரக்கிறவங்களுக்கு நாங்க எழுதித் தரும் கார்பிமசோல் மாத்திரை செய்யும் அதே வேலை!

ஆனால் ஹவாய் தீவு ஆடுகள் இதே தழையை வயிறு முட்டத் தின்றுவிட்டு நல்லாத்தான் இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸுக்கு இது உறுத்தியது. ஹவாய் ஆட்டின் ரூமெனில் டி.ஹெச்.பி.யைத் தின்று தீர்க்கும் கிருமி ஏதாவது இருக்கணும் என்று 1981-ல் எழுதினார்.

அடுத்து செய்ததுதான் அழகு. இந்தோனேசிய ஆடு ஒன்றின் ரூமென் திரவத்தை ஆஸ்திரேலிய ஆடுகளின் வயிற்றில் செலுத்தினார்கள். அவற்றுக்கும் விஷத்தை முறிக்கும் திறன் வந்தது. பிறகு ஹவாய் ஆடுகளின் கிருமிகளைக் கொண்டுவந்தும் அதே பலன் கிடைத்தது. ஒருவர் குடல் கிருமிகளை இன்னொருவருக்கு மாற்றும் சிகிச்சை எங்க துறையிலும் இருக்கு. தீராத ஒருவகை பெருங்குடல் தொற்றுக்குக் கொடுக்கிறோம்.

1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள், ஜோன்ஸ் நினைவாகத்தான். மந்தையில் சில மாடுகளுக்கு ஊற்றினால் கூட மேய்கிறதுக்கும் தொற்றிக்கொண்டது. பிற்பாடு குயின்ஸ்லாந்து அரசே அந்தக் கிருமிக் கலவையைத் தொட்டியில் வளர்த்து, பண்ணைக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது.