ஜூக்பாக்ஸ் வளர்த்த குரல்

பதினான்கு, பதினைந்து பேர் மேடையை நிறைத்த பெரிய பேண்டுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஆண்டுகளில், அதே நியூயார்க்கில், ஆறேழு பேர் மட்டும் ஒரு ஸ்டூடியோவில் கூடிச் செய்த காரியம் இந்த வாரத்துக்கு உரியது. என்னைக் கேட்டால், அமெரிக்கப் பாட்டுக்கு ஜாஸ் கொடுத்த மிகப் பெரிய கொடை இதுதான்.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு ரத்தானது. திறந்த மதுக்கடைகளில் ஜூக்பாக்ஸ் வந்து உட்கார்ந்தது. ஐந்து சென்ட் நாணயம் போட்டால் ஒரு பாட்டு. பொருளாதார மந்தத்தில் இசைத்தட்டு வாங்க வழியில்லாதவர்கள், குறிப்பாகக் கறுப்பின மக்கள், பாட்டுக் கேட்டது இந்தப் பெட்டிகளில்தான். பெட்டிக்குப் புதுத்தட்டு ஓயாமல் வேண்டும். அதுவும் மலிவாக வேண்டும்.

ஜான் ஹாமண்ட் என்ற பணக்கார வீட்டு இளைஞர், 1933இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கிளப்பில் பில்லி ஹாலிடேயின் பாட்டைக் கேட்டிருந்தார். எலினோரா ஃபேகன் என்ற பெயரோடு பிறந்து, பால்டிமோரில் வறுமையில் வளர்ந்த பதின்வயதுப் பெண். அந்த ஆண்டே கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனோடு அவரைப் பாடவைத்து இசைத்தட்டு வெளியிட்டும் பெரிய பேச்சு எழவில்லை. ஜூக்பாக்ஸ் சந்தையைக் காட்டி, பில்லியைப் பாடவைத்துப் பதிவு செய்ய பிரன்ஸ்விக் இசைத்தட்டு நிறுவனத்தை ஹாமண்ட் இணங்க வைத்தார்.

1935 ஜூலை 2. பியானோவில் 22 வயது டெடி வில்சன். ட்ரம்பெட்டில் ராய் எல்ட்ரிட்ஜ், கிளாரினெட்டில் குட்மன், டெனர் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர். கிட்டார், பாஸ், டிரம்ஸுக்கு மூவர். ஏழு பேர்தான், தட்டில் அச்சானதோ ‘டெடி வில்சன் அண்ட் ஹிஸ் ஆர்க்கெஸ்ட்ரா’. பாடகிக்கு 20 வயது. ஒரே அமர்வில் நான்கு பாட்டு முடிந்தது.

அரேஞ்ச்மென்ட் எழுதத் தனியாக ஆள் வைத்தால் செலவு. ஆகவே யார் எங்கே நுழைவது, யார் எத்தனை பார் (தாளச் சுற்று) வாசிப்பது என்பதை அங்கேயே பேசிக்கொண்டார்கள். இந்தச் சிக்கனம்தான் பில்லிக்குக் கதவைத் திறந்தது. முழுக்க எழுதிவைத்த இசையில் பாடகர் தனக்கென்று விட்ட இடத்தில் நின்றாக வேண்டும். இங்கே அவர் எங்கும் நடமாடலாம்.

அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டு பெரும்பாலும் 32 பார் நீளம், எட்டெட்டாக நான்கு பகுதி. மூன்றாவது பகுதி மட்டும் வேறு. மற்ற மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மெட்டு. பில்லியின் குரலுக்கு வீச்சு குறைவு, ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான் இருக்கும். மெட்டு ஏறி இறங்கும் இடங்களை அவர் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் சுருக்கினார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வார்த்தையை விட்டார். திரும்பி வரும் மெட்டை ஒவ்வொரு முறையும் வேறாகப் பாடினார். மைக்ரோஃபோன் வந்துவிட்டதால் உரக்கக் கத்தவேண்டிய அவசியமும் இல்லை.

இதைக் காதால் உணர ஒரு பாட்டு போதும். 1937 ஜூன் 15 அன்று பதிவான ‘எ செயில்போட் இன் த மூன்லைட்’. கை லொம்பார்டோவின் பேண்டு பிரபலப்படுத்திய, சர்க்கரை தூக்கலான காதல் பாட்டு. நிலா, படகு, நீ, நான், அவ்வளவுதான். பில்லி அதில் ஒரு சொல்லைக்கூடக் கேலி செய்யவில்லை. அந்த எளிய ஆசையை முழுதாக நம்பிப் பாடுகிறார். அவர் பாடப்பாட, கூடவே லெஸ்டர் யங்கின் டெனர் சாக்ஸபோன். நம் கச்சேரியில் பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியை விட்டதும் வயலின் அதை வாங்கிக்கொள்ளும். யங் அப்படிக் காத்திருப்பதில்லை. சொல் முடியும் முன்பே உள்ளே நுழைகிறார், அதன் அடியில் ஓடுகிறார், இடைவெளியில் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்குகிறார். குரல் எது, குழல் எது என்று ஒரு கணம் காது தடுமாறும். அவரை ‘பிரெஸ்’ என்று அழைத்தவர் பில்லி. பில்லிக்கு ‘லேடி டே’ என்று பெயர் வைத்தவர் யங்.

கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களின் பாட்டுகளும் இந்தப் பதிவுகளில் உண்டு. ஆனால் யாரும் சீந்தாத பாட்டுகளை பில்லி தூக்கி நிறுத்தியதுதான் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. ‘ஸ்டாண்டர்ட்’ என்று இன்று பாடகர்கள் கற்றுக்கொள்ளும் பாட்டுகளில் சில, இந்த மூன்று நிமிடத் தட்டுகளில்தான் அந்தத் தகுதியைப் பெற்றன.

பாடகிக்கு என்ன கிடைத்தது? அமர்வுக்கு இவ்வளவு என்று கையில் ஒரு சிறு தொகை. ராயல்டி கிடையாது. நாடெங்கும் பெட்டிகளில் நாணயம் விழுந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு சென்ட்கூட அவரிடம் வரவில்லை. இது வழக்கமான ஏற்பாடுதான் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. வழக்கம் என்பதால் அநியாயம் நியாயமாகிவிடாது.

1939இல் அவர் பாட விரும்பிய ஒரு பாட்டைப் பதிவு செய்ய அவருடைய நிறுவனமே மறுத்தது. மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மனிதர்களைப் பற்றிய பாட்டு அது. கமடோர் என்ற சிறிய நிறுவனம் அதை ஏற்றுக்கொண்ட கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)