பம்ப் ஓடுது... ஆனா வேக்குவம் வரல! ஆயில் கண்ணாடியை முதல்ல பாருங்க

மீன், இறைச்சி, பனீர், முந்திரி என எதை வேக்குவம் பேக் செய்தாலும் அந்த மெஷினுக்குள் ஒரு ரோட்டரி வேன் பம்ப் இருக்க வாய்ப்பு அதிகம். ஒருநாள் மூடியை இறக்கினால் கவர் ஒட்டிச் சுருங்காது. உள்ளே காற்று நின்றுவிடும். மோட்டார் சத்தம் மட்டும் வழக்கம்போல கேட்கும். உடனே "பம்ப் போச்சு, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் பம்பில் கோளாறே இருக்காது. அப்படியே இருந்தாலும், புது பம்ப் விலையோடு ஒப்பிட்டால் சில லிட்டர் ஆயிலிலேயே வேலை முடிந்துவிடலாம். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் செலவு லட்சத்தைத் தொடும். எங்கே கோளாறு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

உருளை வடிவக் கூடு. அதற்குள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளிப் பொருத்தப்பட்ட ரோட்டார். அதனால் இரண்டுக்கும் இடையே பிறை நிலா மாதிரி ஓர் இடைவெளி உருவாகிறது. ரோட்டாரில் உள்ள வெட்டுகளில் பட்டையான தகடுகள் செருகப்பட்டிருக்கும். அவைதான் வேன்கள். ரோட்டார் சுழலும் வேகத்தில் வேன்கள் வெளியே தள்ளப்பட்டு கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். பிறையின் அகலமான பகுதியில் காற்று உள்ளே வரும், குறுகலான பகுதியில் அது நசுக்கப்பட்டு வெளியேறும்.

இங்கே ஒரு கேள்வி வரும். உலோகச் சுவருக்கும் வேனுக்கும் நடுவே காற்று கசியாதா? கசியும். அதைத் தடுப்பது மெல்லிய ஆயில் படலம். மசகு போடுவது, சூட்டை இறக்குவது, இடைவெளியை அடைப்பது என மூன்று வேலையையும் ஒரே ஆயில் செய்கிறது. வண்டி எஞ்சினில் ஆயில் கெட்டால் வண்டி கொஞ்ச நாள் ஓடும். இங்கே ஆயில் கெட்டால் வெற்றிடமே உருவாகாது. அதனால் இந்த பம்பில் ஆயிலையும் ஒரு பாகமாகத்தான் எண்ண வேண்டும்.

முதலில் பம்பா, பைப்பா?

ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. மெஷினுக்குப் போகும் பைப்பைக் கழற்றிவிட்டு, பம்பின் இன்லெட்டில் நேரடியாக ஒரு வேக்குவம் கேஜ் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் சாதாரணமாக 1013 மில்லிபார். தயாரிப்பாளர் தந்த கையேட்டில் சொன்ன அளவுக்கு அது இறங்கினால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், பேக்கிங் மெஷின் மூடியில் தேய்ந்துபோன ரப்பர் கேஸ்கெட், இல்லையென்றால் சரியாக மூடாத வால்வு. இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பம்பைப் பிரித்துப் போடும் ஃபிட்டர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்லெட்டில் உள்ள வலை ஃபில்டரையும் அப்போதே கழற்றிப் பார்த்துவிடலாம். மசாலாத் தூளும் மாவும் அடைத்துக் கிடந்தால், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை.

ஆயில் சொல்லும் சேதி

பம்பின் பக்கவாட்டில் சிறிய கண்ணாடி இருக்கும். அதில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். அளவை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, நிறத்தையும் கவனிக்க வேண்டும். புது ஆயில் தெளிவாக இருக்கும். கறுத்துப்போனால் சூடு அதிகமாகி வெந்துவிட்டது, அல்லது தூசு கலந்திருக்கிறது என்று பொருள். மோர் கலந்த மாதிரி வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

"மெஷின் பக்கத்துல தண்ணியே இல்லையே, எப்படிப் புகுந்துச்சு?" என்று கேட்பார்கள். தண்ணீர் பொருளோடு வருகிறது. அழுத்தம் குறையக் குறைய தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். அழுத்தம் சுமார் 42 மில்லிபாருக்கு வந்தால் 30 டிகிரி செல்சியஸிலேயே, அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே, தண்ணீர் கொதித்துவிடும். அந்த நிலையில் ஒரே ஒரு கிராம் தண்ணீர் சுமார் 33 லிட்டர் ஆவியாக விரிகிறது. ஈரமான மீனையோ, ஆறாத சூட்டோடு இருக்கும் உணவையோ பேக் செய்தால் அத்தனை ஆவியும் பம்புக்குத்தான் போகும்.

காற்றாக இருந்தால் பிரச்னை இல்லை, நசுங்கி வெளியேறிவிடும். நீராவி அப்படி இல்லை. வெளியேறும் வால்வு திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவதற்குள் அது மறுபடி தண்ணீராக மாறி ஆயிலில் கலந்துவிடும். தண்ணீர் கலந்த ஆயிலால் இடைவெளியை அடைக்க முடியாது, மசகும் போடாது. அடுத்து துருப் பிடிக்கும், பேரிங் சத்தம் போடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மனி இயற்பியலாளர் வோல்ஃப்கேங் கேடே. 1935-ல் அவர் கொண்டுவந்த 'கேஸ் பேலஸ்ட்' முறைதான் இன்றும் பம்புகளில் சின்ன வால்வாக இருக்கிறது. அதைத் திறந்தால், நசுக்கும் கட்டத்தில் வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே விடப்படும். அழுத்தம் சீக்கிரமே ஏறி வால்வு திறந்துகொள்ளும். ஆவி தண்ணீராவதற்கு முன்பே காற்றோடு சேர்ந்து வெளியே போய்விடும். எட்டும் வெற்றிடம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் பம்ப் சூடாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். காலையில் வந்தவுடன் சில்லென்ற பம்பில் ஈரப் பொருளை ஏற்றக் கூடாது. இன்லெட்டை மூடி, பேலஸ்டைத் திறந்து, 20 முதல் 30 நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் அதே மாதிரி ஓடவிட்டால் தங்கிய ஈரம் வெளியேறிவிடும். கரண்ட் வீண் என்று இதைத் தவிர்ப்பவர்கள் அதைவிட அதிகமாக ஆயிலுக்குச் செலவு செய்கிறார்கள்.

எப்போது ஆயில் மாற்றுவது?

மாடலுக்கு மாடல் கணக்கு மாறும். 500 முதல் 2,000 மணி நேர ஓட்டம், அல்லது ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் பொதுவான வழக்கம். மாதக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் பம்பில் 500 மணி நேரம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். கண்ணாடியில் நிறம் மாறிவிட்டால் எந்தக் கணக்கும் வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஆயில் இளகிய பிறகு நிறுத்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, "வேலை நடக்கிறது" என்ற அட்டையை மாட்ட வேண்டும். பைப்பில் இருக்கும் வெற்றிடத்தை காற்று விட்டுச் சமன் செய்ய வேண்டும். ஓடும்போது ஆயில் 70 டிகிரிக்கு மேல் சூடாவது சாதாரணம். அதனால் கை சுடாத அளவுக்கு ஆறிய பிறகே டிரெயின் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் ரொம்ப மோசமாக இருந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும்.

"எஞ்சின் ஆயில் இருக்கு, ஊத்திடலாமா?" வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஆயிலில் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரசாயனங்கள் உண்டு. அவை தண்ணீரையும் பிரியவிடாமல் கலக்கிவிடும். சிறிய பம்புகளுக்கு ஐஎஸ்ஓ விஜி 32 அல்லது 68, பெரியவற்றுக்கு விஜி 100 என்று வேக்குவம் பம்புக்கென்றே தனி ஆயில் கிடைக்கிறது. பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ எது எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்ற வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. இறைச்சியின் சிவப்பு நிறம் மாறாமலிருக்க ஆக்சிஜன் அதிகமுள்ள வாயு நிரப்பிப் பேக் செய்யும் முறை இருக்கிறது. இழுக்கும் வாயுவில் ஆக்சிஜன் 21 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண மினரல் ஆயில் தீப்பிடிக்கலாம், பம்ப் வெடிக்கவும் கூடும். அந்த வேலைக்கு அதற்கென்றே தயாரித்த பம்பும் ஆயிலும் தேவை.

புகை வந்தால்?

பம்பிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி வந்தால் அது ஆயில் துளிகள். எக்ஸாஸ்ட் ஃபில்டர் கிழிந்திருக்கும் அல்லது அடைத்திருக்கும். ஆயில் அளவு கூடியிருந்தாலும் இப்படி வரும். அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், சூடு ஏறும், கடைசியில் டிரிப் ஆகும். வருடம் ஒருமுறை மாற்றுவது வழக்கம். கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

வேன்களைக் கழற்றும்போது

ஆயிலும் ஃபில்டரும் சரியாக இருந்தும் கேஜ் இறங்கவில்லை, 'டக் டக்' என்று சத்தம் வருகிறது என்றால்தான் பக்க மூடியைத் திறக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த பம்பில் பழைய ஆயில் பிசினாகி, வேன்கள் வெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். ஓரம் உடைந்திருந்தாலோ, அடுக்கு பிரிந்திருந்தாலோ, அளவு குறைந்திருந்தாலோ முழு செட்டாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது பலன் தராது. சாய்வாகச் சீவிய முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

கூட்டின் சுவரையும் தடவிப் பார்க்க வேண்டும். அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் புது வேன் போட்டும் நாள்படாது.

ஆயிலே இல்லாமல் கார்பன் வேன்களோடு ஓடும் பம்புகளும் உண்டு. ஆஃப்செட் அச்சு இயந்திரங்களில் தாளைத் தூக்க அவைதான் பயன்படுகின்றன. அவற்றில் ஒரு சொட்டு ஆயில்கூட விடக் கூடாது. கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி வேனை இறுக்கிவிடும்.

மீண்டும் இணைக்கும்போது சுழலும் திசையைப் பார்க்காமல் ஓட்டிவிடக் கூடாது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் இடம் மாறினால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், வேன்கள் உடைந்துவிடும். ஓரிரு விநாடி மட்டும் தட்டிவிட்டு, மோட்டார் ஃபேன் அம்புக்குறிப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபேனல் வேலையோ மோட்டார் வைண்டிங்கோ நடந்த பிறகு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சில நிமிடம் ஓடிய பின் ஆயில் அளவை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை சாக்கடையில் கொட்டக் கூடாது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, மூடிய டிரம்மில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.