உரிமம் இல்லாத மருத்துவர்

‘பிளாக் ஜாக்’ 1973 நவம்பரில் ‘ஷோனென் சாம்பியன்’ என்னும் ஜப்பானியச் சிறுவர் வார இதழில் தொடங்கியபோது, அதை எழுதி வரைந்த ஒசாமு தெசுக்காவின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் பேசினார்கள். ‘ஆஸ்ட்ரோ பாய்’ தந்த அவருடைய ‘முஷி’ அனிமேஷன் நிறுவனம் அந்த ஆண்டுதான் திவாலானது. சில வாரங்களோடு முடிந்துவிடும் என்று எண்ணப்பட்ட இந்தத் தொடர், 1983 வரை நீடித்து ஏறத்தாழ 240 கதைகளாக வளர்ந்தது. 1977-இல் கோதான்ஷா மங்கா விருதும் அதற்குக் கிடைத்தது.

தெசுக்கா மருத்துவம் படித்தவர். ஒசாகாவில் பட்டம் பெற்று, அரசின் மருத்துவத் தேர்விலும் தேறினார். 1961-இல் நாரா மருத்துவப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. ஆனாலும் சித்திரக்கதையையே தொழிலாகக் கொண்டார். கற்ற மருத்துவமெல்லாம் இந்தத் தொடரில் பயன்பட்டது.

கதைநாயகன் பிளாக் ஜாக்கின் இயற்பெயர் ஹசாமா குரோ. சிறுவயதில் வெடிகுண்டு விபத்தில் உடல் சிதைந்த அவனைப் பிழைக்கவைத்தவர் டாக்டர் ஹோன்மா. அவன் முகத்தில் ஒட்டப்பட்ட தோல் நண்பன் ஒருவன் கொடுத்தது. அதன் நிறம் வேறு. வளர்ந்து நிகரற்ற அறுவை மருத்துவனான பிறகும் அந்தத் தோலை மாற்றிக்கொள்ள அவன் சம்மதிக்கவில்லை. அவனிடம் மருத்துவ உரிமம் கிடையாது. கேட்கும் கட்டணமோ மலைக்க வைக்கும். பணத்தைக் கொட்டத் தயாராக இருப்பவரைத் திருப்பி அனுப்புவான். ஏழையிடம் பெயருக்கு ஏதோ வாங்கிக்கொள்வான். உயிருக்கு என்ன விலை என்ற கேள்வி வாராவாரம் வெவ்வேறு நோயாளிகளின் வழியே எழுப்பப்பட்டது. தீராத நோயாளிக்கு வலியில்லாத மரணம் தரும் டாக்டர் கிரிக்கோ, அவனுக்கு எதிர்த்தரப்பாக நிற்கிறார்.

தொடரின் உச்சங்களில் ஒன்று ஹோன்மாவின் மரணம். சிறுவன் குரோவுக்கு அறுவை செய்தபோது கத்தியொன்றை அவர் அவன் வயிற்றுக்குள்ளேயே விட்டுவிடுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின் திறந்து பார்த்தால், கூர்முனை உறுப்புகளைக் கிழிக்காதபடி உடலே அதன்மேல் சுண்ணாம்புச் சத்தால் உறையொன்றைக் கட்டியிருக்கிறது. முதுமையில் அவர் நோயில் விழ, பிளாக் ஜாக் ஓடோடி வந்து அறுவை செய்கிறான். எந்தப் பிழையும் நேரவில்லை. ஆயினும் அவர் இறந்துபோகிறார். உடல் தன்னைத் தானே காக்கும் ஆற்றலையும் மருத்துவன் கையின் எல்லையையும் ஒரே கதையில் சேர்த்துக் காட்டினார் தெசுக்கா.

எதிர்ப்பும் வந்தது. 1977-இல் வெளியான கதையொன்று மூளை அறுவை சிகிச்சையைக் கையாண்ட விதத்தைக் கண்டித்துக் குரல்கள் எழுந்தன. தெசுக்கா மன்னிப்புக் கேட்டார்.

நடிகர்களைக் கொண்ட தொலைக்காட்சித் தொடர் 1981-இல் வந்தது. 1989-இல் தெசுக்கா இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தார். 1993 முதல் ஒசாமு தெசாக்கி இயக்கிய வீடியோ படங்கள், வளர்ந்தவர்களை மனதில்கொண்டு இருண்ட தொனியில் அமைந்தன. 2004 அக்டோபரில் யோமியுரி தொலைக்காட்சியில் தொடங்கிய அனிமேஷன் தொடரை இயக்கியவர் தெசுக்காவின் மகன் மகோத்தோ. குடும்பத்தோடு பார்க்கும் மாலை நேரத்தில் ஒளிபரப்பானதால் மூலக்கதைகளின் கடுமை தணிக்கப்பட்டது. நாயகன் வளர்க்கும் சிறுமி பினோக்கோவின் குறும்புகளுக்கு நிறைய இடம் கிடைத்தது. தெசுக்காவின் வேறு தொடர்களில் வந்த பாத்திரங்களும் சேர்க்கப்பட்டன. 61 பகுதிகளோடு அது நிறைவுற, 2006-இல் ‘பிளாக் ஜாக் 21’ தொடர்ந்தது.