நாழிக் கணக்கில் மாணவர் எண்ணிக்கை

உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்ற சிற்றூர் இருக்கிறது. எதிர்க்கரையில் பழைய சீவரம். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. தொல்லியல் துறையினர் 1915இல் அதைப் படியெடுத்தனர். கோயிலின் ஆண்டுச் செலவுத் திட்டம்தான் அந்தக் கல்வெட்டு. பூசை, திருவிழா, விளக்கு என்று வரிசையாகப் போகும் அந்தச் செலவுகளின் நடுவே ஒரு கல்லூரி, அதன் விடுதி, அதற்கென ஒரு மருத்துவமனை ஆகியவற்றின் கணக்கும் வருகிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணவர், அவர்களுக்கு ஆகும் நெல் எவ்வளவு என்பதை அதில் படிக்கலாம். தமிழ்நாட்டில் மாணவர் எண்ணிக்கை பாடவாரியாகப் பதிவான மிகப் பழைய ஆவணங்களில் இதுவும் ஒன்று.

கல்லூரி, விடுதி, மருத்துவமனை மூன்றும் கோயிலின் ஜனநாத மண்டபத்தைச் சேர்ந்தவை. ரிக் வேதம் ஓத 10 மாணவர், யஜுர் வேதம் ஓத 10 மாணவர், வியாகரணமும் ரூபாவதாரமும் படிக்க 20 மாணவர். இவர்களோடு பாஞ்சராத்திரர், வைகானசர், சிவப்பிராமணர் ஆகியோரையும் சேர்த்தால் விடுதியில் உண்போர் 60 பேர். ரூபாவதாரம் என்பது பாணினியின் சூத்திரங்களைத் தொடக்க மாணவருக்கு ஏற்றபடி மாற்றி அடுக்கிய இலக்கண நூல். அதை எழுதிய தர்மகீர்த்தி பௌத்தர் என்று கருதப்படுகிறார். வைணவக் கோயிலில் வேதம் ஓதும் பிள்ளைகளுக்குப் பௌத்தர் ஒருவரின் இலக்கணம் பாடநூலாக இருந்ததில் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. இலக்கணம் சொல்லும் பட்டருக்கு வேதம் ஓதுவிப்பவரைவிடக் கூடுதல் ஊதியம்.

விடுதிக்கான ஒதுக்கீட்டில் சாப்பாடு மட்டும் இல்லை. சனிக்கிழமை தலை முழுக எண்ணெய், இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய் என்று அவற்றுக்கும் தனித்தனியே கணக்கு உண்டு.

மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. மாணவரும் கோயில் பணியாளரும் நோயுற்றால் படுக்க அங்கே 15 கட்டில்கள் இருந்தன. நாடி பார்த்து மருந்து சொல்லும் வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், கூடவே நிலமும். அறுவை செய்பவரைக் கல்வெட்டு ‘சல்லியக்கிரியை பண்ணுவான்’ என்கிறது. அவருக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளுக்குப் பக்கத்திலிருந்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர். அறுவை செய்பவருக்கு வைத்தியரின் நெல்லில் மூன்றில் ஒரு பங்குதான். கத்தி பிடித்தவருக்கு அன்று இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக எழுதப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ இருபது.

இந்த எண்களைச் சற்று உரசிப் பார்த்தால் கணக்கு எழுதியவரின் முறை பிடிபடும். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். 90 கலம் என்பது 1,080 குறுணி. அதை 360 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சரியாக 3 குறுணி. 30 கலம் பெறுபவருக்கு நாளுக்கு ஒரு குறுணி. கணக்கர் முதலில் ஒரு நாள் படியை வைத்துக்கொண்டு அதை ஆண்டுக்குப் பெருக்கியிருக்கிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. மாணவர் எண்ணிக்கையும் இப்படித்தான் கல்லில் ஏறியது. எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் யாரும் தலை எண்ணவில்லை. எத்தனை பேருக்கு உலை வைக்க வேண்டும், அதற்கு எந்த ஊரின் வருவாயை ஒதுக்க வேண்டும் என்பதே கேள்வி. திருமுக்கூடலுக்குப் படியளந்த ஊர் வயலைக்காவூர். அந்த ஊர் வயலக்காவூர் என்ற பெயரில் அதே வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது.

ஆகவே கல்வெட்டு சொல்லும் 60 என்பது ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. ஏதாவது ஓராண்டில் 52 பேர்தான் வந்தார்களா, 70 பேர் வந்து 10 பேர் திரும்பினார்களா என்பதற்குக் கல்லில் விடை கிடையாது. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளை ‘மாணவர் சேர்க்கைப் புள்ளிவிவரம்’ என்று வாசிப்பவர் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பகுதிக்குக் கல்விப் பெயர் சோழருக்கு முன்பே உண்டு. காஞ்சிபுரத்துக் கடிகை என்ற கல்விக்கூடத்தில் படிக்கத் தன் ஆசிரியர் வீரசர்மனோடு மயூரசர்மன் வந்ததையும், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு மூண்ட சண்டையால் அவன் படிப்பை விட்டு வாளெடுத்துக் கடம்ப அரசை நிறுவியதையும் கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. ஆனால் அவனோடு கடிகையில் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண் அதில் இல்லை. அது புகழ்ச்சிக் கவிதை. படியளக்கும் கணக்கு இல்லை.

எண்ணும் சேர்க்கை விதியும் ஒருங்கே கிடைப்பது தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் கொடுத்த செப்பேடு, அங்கே காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தைப் பின்பற்றி அமைத்த சாலையில் 95 இடங்களை வகுக்கிறது. அந்த இடங்கள் மூன்று வேதசாகைகளுக்கு 45, 36, 14 என்று பங்கிடப்பட்டன. அங்கே படித்தவரைச் சட்டர் என்றார்கள். பிற்காலத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை இந்தச் சொல்லின் வழிவந்தவர் என்பர். வியாகரணமும் மீமாம்சையும் புரோகிதமும் ஓரளவு தெரிந்தவருக்கே அந்தச் சாலையில் இடம். உள்ளே வந்தபின் ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், ஆயுதத்தால் காயப்படுத்தினால் அதைவிடப் பெரிய தண்டம், பணிப்பெண்களை அறையில் வைத்துக்கொள்ளத் தடை. விடுதிக் காப்பாளர் வேலை எந்தக் காலத்திலும் சுலபமாக இருந்ததில்லை போலும்.

உத்திரமேரூரில் கல்வித் தகுதி வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்குப் பெயர்பெற்றவை. 30 குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க விதித்த தகுதிகளில் வயது, சொந்த மனை, வரி கட்டும் கால் வேலி நிலம் ஆகியவற்றோடு மந்திர பிராமணம் அறிந்திருக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்க வல்லவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். படிப்பு நிலத்தில் பாதியை ஈடுகட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும்கூடக் குடத்தில் இடக்கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. கணக்குக் காட்டுவதை இவ்வளவு கறாராகப் பிடித்த சபைகளின் நாட்டில்தான், அடுத்த நூற்றாண்டில் கல்லூரிகளின் நெல் கணக்கு நாழி சுத்தமாகக் கல்லில் ஏறுகிறது.

அவற்றில் பெரியது இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அங்கே 340 மாணவருக்கும் 14 ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்கிறது. பிரமசாரிகளான இளைய மாணவர் 270 பேர்: ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, ரூபாவதாரத்துக்கு 40, வாஜசனேயத்துக்கும் இரு சாமசாகைகளுக்கும் இருபது இருபதாக 60, அதர்வத்துக்கு 10, போதாயன சூத்திரங்களுக்கு 10. மேற்படிப்பில் இருந்த சாத்திரர் 70 பேர்: பிரபாகர மீமாம்சைக்கு 35, வியாகரணத்துக்கு 25, வேதாந்தத்துக்கு 10. கூட்டிப் பார்த்தால் ஒரு தலைகூடப் பிசகாது. வேதாந்தம் படிக்க 10 பேர், சடங்கு விதிகளை ஆராயும் மீமாம்சைக்கு அதைப்போல மூன்றரை மடங்கு என்பது கவனிக்கத்தக்கது. கோயிலும் வேள்வியும் நடத்துவதற்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. ராமானுஜரின் வேதாந்தம் தமிழ்நாட்டு மடங்களை ஆளப்போவது அதற்குப் பிறகு.

எண்ணாயிரத்தில் இளைய மாணவருக்கு நாளுக்கு 6 நாழி நெல். மேற்படிப்பு மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. இந்த விகிதத்தில் மாணவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு 24 கலமும் 2 குறுணியும் அளக்க வேண்டியிருந்தது. ஆசிரியருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,500 கலத்துக்கு மேல். இதற்காக 45 வேலி நிலம் விடப்பட்டது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருபுவனையில் 1048இல், முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், 260 மாணவருக்கும் 12 ஆசிரியருக்கும் 72 வேலி நிலம் ஒதுக்கினார்கள். அங்கே படிப்பவரும் படிப்பிப்பவரும் ஊர் வாரியங்களில் பணிசெய்ய வேண்டியதில்லை என்ற சலுகையும் உண்டு. உத்திரமேரூரில் படிப்பு வாரியத்துக்குள் நுழையும் வழி. திருபுவனையில் அதிலிருந்து தப்பிக்கும் வழி.

இந்தக் கணக்குகள் எல்லாம் பிராமணர் கல்விக்கு மட்டுமே உரியவை. கணக்கரின் மகன் எங்கே எழுதப் படித்தான், கல்வெட்டைப் பொறித்த தச்சன் எழுத்தை யாரிடம் கற்றான் என்பவை கோயில் நெல்லில் நடக்காத படிப்புகள் என்பதால் அவற்றுக்குப் பதிவும் இல்லை. வடமொழிக் கல்விக்கு நிலம் விட்டவர்கள் அதைக் கல்லில் வெட்டினார்கள். ஊர் வாத்தியாருக்குப் பிள்ளைகள் கொண்டுவந்த அரிசியும் காயும் எந்தச் சுவரிலும் ஏறவில்லை.

அந்தப் பிள்ளைகள் கணக்கில் வர ஏழரை நூற்றாண்டு ஆயிற்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 25 ஜூன் 1822இல் எழுதிய குறிப்பில், மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் அவற்றில் படிப்போரையும் கணக்கிடச் சொன்னார். ரெவின்யூ போர்டு ஒரு படிவம் அடித்துக் கலெக்டர்களுக்கு அனுப்பியது. அதில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று தனித்தனிக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்ற பிரிவு. கட்டம் போட்டுக் கேட்டதால்தான், தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளில் பெரும்பான்மையோர் சூத்திரர் என்று அப்போது வகைப்படுத்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் என்பது எண்ணாகத் தெரியவந்தது. உத்திரமேரூரும் காஞ்சிபுரமும் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து, உயர்கல்வி நிலையங்கள் 51 என்றும் அவற்றில் படிப்போர் 398 பேர் என்றும் பதில் போனது. சராசரியாக ஓரிடத்துக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. திருமுக்கூடல் போன்ற பெரிய விடுதிகள் மறைந்து, ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலும் அக்கிரகாரத்திலும் கல்வி ஒதுங்கிவிட்டதை இந்தச் சராசரி காட்டுகிறது.

மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர் என்ற கூட்டுத்தொகையை மன்றோ 10 மார்ச் 1826இல் தம் குறிப்பில் எழுதினார். அதை அவரே முழுமையானதாக நம்பவில்லை. சென்னையில் மட்டும் வீட்டிலேயே படிப்போர் 26,000 பேருக்கு மேல் என்று கணக்கு வந்திருந்தது. மற்ற மாவட்டங்கள் பெரும்பாலும் வீட்டில் படிப்போரின் எண்ணை அனுப்பவில்லை. கல்வெட்டுக் கணக்கு ஒதுக்கிய இடத்தைச் சொன்னது. மன்றோவின் கணக்கு பள்ளியில் உட்கார்ந்திருந்த தலையைச் சொன்னது. வீட்டுக்குள் படித்த பிள்ளை பெரும்பாலும் இரண்டிலும் சிக்கவில்லை. இந்த அறிக்கைகளை ஆவணக்காப்பகங்களிலிருந்து எடுத்துத் ஆய்வாளர் தரம்பால் 1983இல் நூலாக்கிய பிறகே அவை பொதுவிவாதத்துக்கு வந்தன.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் மாணவர் எண்ணிக்கை தேர்வுப் பதிவேட்டுக்கு மாறியது. எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை என்பதே நெடுங்காலம் கல்லூரிக் கணக்கின் முதுகெலும்பு. நாடு முழுவதற்குமான உயர்கல்விக் கணக்கெடுப்பு 2010–11இல்தான் ஆரம்பித்தது. 2021–22ஆம் ஆண்டுக்கான அதன் அறிக்கைப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இப்போது இரண்டு அட்டவணைகளை நிரப்பித் தம் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ஒன்று அனுமதிக்கப்பட்ட இடங்கள்; மற்றது உண்மையில் படிப்போர், அவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வெளிமாநிலத்தார் எத்தனை, கட்டணச் சலுகை பெறுவோர் எத்தனை என்ற விவரம். திருமுக்கூடல் சுவரில் இருப்பது முதல் அட்டவணை மட்டும். வைத்தியர் அசுவத்தாம பட்டனின் பெயரைக்கூடப் பொறித்த அந்தச் சுவரில், விடுதியில் உண்ட 60 பேரில் ஒருவருடைய பெயரும் கிடையாது.